ஏக் நம்பர் சரக்கு

தாராவித் தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில், பிரசவத்துக்குப் போன மனைவி தங்கமயில் ஊரிலிருந்து கொண்டுவந்த கைக்குழந்தையை மாசானம் முதல்முறையாகத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பக்கத்து வீட்டில் சிலோன் ரேடியோ கொரகொரக்கிறது. தோல் கிடங்கில் பகலெல்லாம் ஆட்டுத்தோலைத் தடவித் தரம் பிரிக்கும் அவன் கட்டைவிரல், பிள்ளையின் பிடரியிலிருந்து இடுப்புவரை மெல்ல அழுத்திக்கொண்டே இறங்குகிறது. இரண்டு விரலால் முதுகைக் கிள்ளி, விட்டுப் பார்க்கிறான். முகம் மலர்ந்துவிடுகிறது. "கீறல் இல்ல, உண்ணிக்கடி இல்ல. ஏட்டி, முதல் தரம், ஏக் நம்பர் சரக்குட்டி!" அடுப்பில் கஞ்சி பொங்கி வழிகிறது. தங்கமயிலின் கையில் அகப்பை அந்தரத்தில் நிற்கிறது. "பிள்ளைய இங்க தாரும்" என்று சொல்ல வந்தவள் அவன் முகத்தையே பார்க்கிறாள். கிடங்கில் அவன் சிரித்துக்கொண்டேதான் இருப்பான் என்று பிறர் சொல்லக் கேட்டிருக்கிறாள். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பை இப்போதுதான் பார்க்கிறாள்.