ஒவ்வொருத்தரையும் தெரியும்

"சம்பளம் கெடக்கட்டும் சார், இங்க ஆளுங்கள எப்படி நடத்துவீங்க?"

இன்டர்வியூவுல அவ இப்படிக் கேட்டதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு.

"இந்தக் காலத்துப் பசங்க இதத்தாம்மா பாக்குறீங்க. நம்ம கம்பெனி ஒரு குடும்பம். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா தெரியும்."

அவளுக்கு வேண்டியதும் அதுதான். மாடா உழைச்சாலும் 'நீ யாரு'ன்னு கேக்குற எடத்துல எத்தன நாள் குப்ப கொட்டுறது?

"பேரு கூடவா சார்?"

"அவங்க வீட்டு நாய் பேரு கூட தெரியும். சரி, எப்பம்மா சேருற?"

"சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு சார். உங்க ரூம் வாசல் சீட்டு என்னோடதுதான். இப்ப சூப்பர்வைசர் வேலைக்கு வந்தேன்."

முதலாளி அசரவே இல்ல.

"குடும்பம்னா அப்படித்தாம்மா. எம்பொண்ணு என்ன படிக்கிறான்னு எம் பொண்டாட்டியத்தான் கேக்கணும்."

வேலைய அவளுக்கே குடுத்துட்டாரு. நீங்களா இருந்தா இருப்பீங்களா, வேற எடம் பாப்பீங்களா?