எங்க போயிருந்த?

பழைய வானொலி நாடகங்களை இன்றைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. அன்று வந்த நாடகத்தில், வேலைக்குப் போன கணவன் வீடு திரும்பவில்லை. மனைவி ஒரு மணி நேரம் தவிக்கிறாள். இப்போது யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டுச் சுவரில் உள்ள திரையிலேயே தெரிந்துவிடும். ஜெசிந்தா மாற்றி எழுதியதும் நாடகம் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாமல் இருந்தால் எப்படியிருக்கும் என்று அவளுக்குப் பார்க்கத் தோன்றியது. மதியம், இருக்குமிடத்தைச் சொல்லும் கைப்பட்டையை அணைத்து, அலுவலக மேசை டிராயரில் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தாள்.

ஆறு மணிக்கு வீடு வந்தாள். கைப்பட்டை இல்லாததால் கதவு அவளை அடையாளம் கண்டு திறக்கவில்லை. கையால் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளிருந்து கணவன் அமல்ராஜ் கேட்டான்.

"நான்தாங்க."

கதவைத் திறந்தவனின் கண்கள் சிவந்திருந்தன. சுவரிலிருந்து அவள் பெயர் மறைந்த நான்கு மணி நேரத்தில், ஊரிலிருந்த மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் போய்வந்திருந்தான்.

"எங்க போயிருந்த?"

பன்னிரண்டு வருடத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை.

"கடற்கரைக்கு."

"தனியாவா?"

"தனியாத்தான். மணல்ல உக்காந்து சுண்டல் சாப்பிட்டேன். ஒரு நாய் பக்கத்துல வந்து படுத்துக்கிச்சு."

அவன் திட்டுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அமல்ராஜ் வாசற்படியில் உட்கார்ந்து, அவளுக்கும் இடம் விட்டான்.

"அப்புறம்?" என்றான்.