கரியாள் வைத்த சீர்

பொங்கலுக்கு மறுநாள் கனு; பிறந்த வீடு நல்லா இருக்கணும் என்று பெண்கள் காக்கைக்குச் சோறு வைக்கிற நாள். மொட்டைமாடியில் ஒருத்தி மஞ்சள் செடியின் இலையை விரித்து, கலர் கலராகச் சோற்றுருண்டைகளை வைத்துவிட்டு, "கா... கா..." என்று கத்தினாள்.

"யாருங்க அது, நம்ம பாஷையை இந்தப் பாடு படுத்துறது?" என்று சிரித்தது கரியாள் காக்கை.

"சோத்தைப் பார்த்ததும் சொந்தத்தைக் கூப்பிடுறா. நம்ம வீட்டுப் பொண்ணுதான் போடி!" என்றது புருஷன் காக்கை.

கரியாளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகுட்டிகளோடு போய் மூக்குமுட்டத் தின்றது. அப்புறம்தான் உறைத்தது: பொறந்த வீட்டு மனுஷங்க வெறுங்கையோடவா வருவாங்க? உடனே பறந்துபோய், போன மாதம் இதே மாடியில் திருடிய ஸ்பூனைக் கூட்டிலிருந்து கொண்டுவந்து இலையில் வைத்தது.

"ஐயோ, என் வெள்ளி ஸ்பூன்!" என்று குதித்தாள் அவள்.

"பாருங்க, பொறந்த வீட்டுச் சீரைப் பார்த்ததும் எப்படிக் குதிக்கிறா!" என்று கரியாள் பூரித்துப்போனது.