மழை பெய்கிறது, இன்னொரு முறை

ஹாம்பர்க்கில் இருக்கும் அந்த ஒலிப்பதிவு அறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. வசுமதிக்கு ஆப்பிரிக்கவியல் துணைப்பாடம்தான். ஆனாலும் இன்று இந்தச் சுவாஹிலிப் பதிவை முடித்துக் கொடுக்காவிட்டால் பேராசிரியர் அவளைத் தேர்வுக்கு விடமாட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு நேராக வந்திருக்கும் தான்சானிய மாணவன் சலீம், மைக்கின் முன் உட்கார்ந்து, "மழை பெய்கிறது" என்று தன் மொழியில் சொல்கிறான். கண்ணாடிக்கு அப்பால் பேராசிரியரின் விரல் சுழல்கிறது: இன்னொரு முறை. "இத்தனை மழைக்கு எங்க ஊரே மிதந்திருக்கும்" என்று சலீம் ஜெர்மனில் முணுமுணுக்கிறான். "காலைல இந்தியவியல் பசங்களுக்கு நான் தமிழ்ல 'மரம் மரம்'னு சொல்லிக் காட்டினேன். ஒரு காடே வளர்ந்தாச்சு" என்கிறாள் அவள். இருவருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. அவளுடைய தாடை இன்னும் வலிக்கிறது. ஒலிநாடா சுற்றுகிறது. சலீமின் தலை மெல்லச் சாய்ந்து மேசையில் படிகிறது. "ஃப்ராய்லைன் வசுமதி, அவரை எழுப்புங்கள்" என்கிறது ஒலிபெருக்கியில் பேராசிரியரின் குரல். அவள் கை அவன் தோள்வரை போகிறது. மேசையில் விரிந்து கிடக்கும் அவன் உள்ளங்கையில் மூட்டைக் கயிறு அறுத்த சிவந்த கோடுகள் தெரிகின்றன. அவள் கை அங்கேயே நிற்கிறது. அவனுடைய மூச்சு நாடாவில் பதிந்துகொண்டிருக்கிறது. இதுவரை பேராசிரியரிடம் மறுத்து ஒரு சொல் பேசாத வசுமதி, கண்ணாடிப் பக்கம் திரும்பி, உதட்டின் மேல் விரலை வைக்கிறாள்.