மைக் வேண்டாம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே கொட்டட்டும். போன தடவை சத்தியம் செய்தபோது ஏழு இருந்தன. அது கடைசியில் வரும்.

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் கடையும் டயர்க்கடையும் பக்கத்துப் பக்கம். நான் பொழுதெல்லாம் உட்காருவது கம்ப்யூட்டர் கடையில். அங்கேதான் ஏசி இருக்கிறது. பதினொரு வருடத்தில் நான் வாங்கியது ஒரே ஒரு மவுஸ். ஆனாலும் கடைக்காரி விரட்டியதில்லை.

அன்று உள்ளே வந்தவர் டயர்க்கடைக்காரர். அவர் இருமினால் வாசலில் நிற்கும் சைக்கிளுக்குக் காற்று இறங்கிவிடும். அப்படி ஒரு குரல்.

"ஏம்மா, கேம் விளையாடுற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும். அறுபதாயிரம். அதுக்கு மேல என்னால முடியாது."

கடைக்காரி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

காரணம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்னால் இதே மனிதர், "விளையாட்டு சோறு போடுமாடா?" என்று கத்தி, தம்பியின் கம்ப்யூட்டரை மாடியிலிருந்து தூக்கிப் போட்டார். அது மூன்று தடவை எகிறி என் காலடியில் வந்து நின்றது. உள்ளே விசிறி அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டை விட்டுப் போன தம்பி அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. போன் போட்டால், அண்ணன் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுவான்.

"யாருக்கு அண்ணே?" என்றாள் கடைக்காரி.

"எனக்குத்தான்."

"தம்பியோடத தூக்கிப் போட்ட கைதானே இது?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். 

சரி, வியாபாரம் வியாபாரம்தான். அவள் துண்டுச்சீட்டில் எழுத ஆரம்பித்தாள். "பிராசசர் நடுத்தரமா போட்டுக்கலாம். ரேம் பதினாறு. பணத்துல பாதிய கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. கேமுக்கு அதுதான் உசிர்."

"அதுல ஒரு படி குறைச்சுக்க."

"படம் சுமாராத்தான் தெரியும்."

"தெரியட்டும். பாதியில நின்னுடக் கூடாது, அவ்வளவுதான்."

"கேபினட்? கண்ணாடி வெச்சு, கலர் கலரா லைட் எரியும்..."

"உள்ள யாருக்காவது கல்யாணமா? தகர டப்பா போதும்."

"பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மட்டமானத மாட்டினா மொத்தமும் புகைஞ்சிடும்."

"டயர் வாங்க வர்றவங்ககிட்ட நானும் இதத்தான் சொல்றேன். நல்லதாவே போடு."

இப்படி ஒவ்வொன்றிலும் குறைத்து மிச்சம் பிடித்ததை என்ன செய்தார் தெரியுமா? கடையிலேயே விலை கூடின ஹெட்போனைக் கேட்டார்.

"மூச்சு விட்டாக்கூட காதுல விழணும்."

"விழும். மைக்கும் இதுலயே இருக்கு. டீம்ல பேசிக்கலாம்."

"மைக் வேண்டாம்."

"அது கூடவே வர்றது அண்ணே. கழட்ட முடியாது."

"முடியாதா?" என்று வாங்கினார். காதோரம் நீட்டிக்கொண்டிருந்த மைக்கை இரண்டு விரலால் சுள்ளி மாதிரி ஒடித்து மேஜைமேல் வைத்தார்.

"வாரண்டி போச்சு" என்றாள் கடைக்காரி.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். "கை அரிப்பு இன்னும் அடங்கல பாருங்க பெரியவரே. தம்பி விளையாடினா குத்தம், இவர் விளையாடினா பொழுதுபோக்கு."

நானும் தலையாட்டினேன். ஏசி அவளுடையதாயிற்றே.

ஆனால் மனசு சும்மா இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சைக்கிள் ட்யூபைச் சாக்கு வைத்து டயர்க்கடைக்குள் நுழைந்தேன். உள்ளறையில் டயர் அடுக்கின்மேல் ஒரு பழைய மானிட்டர். முன்னால் அவர், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வியர்க்க வியர்க்க மவுஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நைசாக ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கி என் காதை வைத்தேன்.

"டேய் ஊமை, சுவத்துக்குப் பின்னாடி போன்னா போடா. உனக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு."

தம்பியின் குரல்.

டயர்க்கடைக்காரரை 'டேய்' என்று கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். நெஞ்சு டிராக்டர் டயர் மாதிரி விரிந்திருந்தது.

"கேட்டீங்களா? அவன்தான் கேப்டன். முப்பத்திரண்டு டீம்ல மூணாவது இடம். டீமுக்கு அஞ்சாவது ஆள் வேணும்னு அவன் நெட்ல போட்டிருந்தத ஒரு கஸ்டமர் போன்ல காட்டினார். பேரை மாத்திச் சேந்துட்டேன். என்னா அதட்டு அதட்டுறான் பாத்தீங்களா என் தம்பி?"

"வாயத் திறந்து நான்தான்டான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"என் குரலைக் கேட்டா வெச்சிட்டுப் போயிடுவான். இப்ப வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் எங்கிட்ட பேசறான். அத ஏன் கெடுத்துக்கணும்? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். ஏழு பல்லின்மேல்.

அடுத்த வாரம் தம்பி கம்ப்யூட்டர் கடைக்கு வந்தான். ஒரு மைக் வாங்கினான். டயர்க்கடைப் பக்கம் தலையைத் திருப்பாமல் அதைக் கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை இதை மாட்டிக்கிட்டுத்தான் வரணும். கேப்டன் உத்தரவு."

ஊமை யாரென்று கேப்டனுக்கு எப்படித் தெரிந்தது? டயர்க்கடைக்காரர் இன்னும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார். நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். சத்தியம் தப்பியதில் மூன்று பல் அந்த வாரமே விழுந்துவிட்டது. மிச்சம் நாலு அவர் கையால் போக வேண்டாம்.