தளம் போட்ட அன்று ஓட்டு

மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் வேலை, பாதியில் விட முடியாது. சித்தாள்கள் பவுனும் ஸ்டெல்லாவும் எதிரெதிர் கட்சி. "உன் ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சிடும், ரெண்டு பேருமே போவ வேணாம்" என்று காலையில் பேசி வைத்திருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து, வாக்குச்சாவடி மூட ஐந்து நிமிடம் இருக்கையில், வரிசையில் தனக்கு முன்னால் பவுனு நிற்பதைப் பார்த்தாள் ஸ்டெல்லா.

"அடிப்பாவி!"

"நீ மட்டும் இங்க பூப்பறிக்கவா வந்தே?"

பவுனின் விரலில் சிமெண்ட் காய்ந்திருந்தது. மை ஒட்டாது, கழுவிவிட்டு வரச் சொன்னார் அலுவலர். குழாயில் தண்ணீர் இல்லை. ஸ்டெல்லா தன் பாட்டிலைத் திறந்து கடைசி வாய்த் தண்ணீரை அந்த விரலில் ஊற்றினாள்.

"குடிக்க வச்சதாச்சேடி?"

"நல்லாத் தேய். உன் கட்சி தோக்கறப்போ நீயும் ஓட்டுப் போட்டிருக்கணும்."