ராஜாமணி வீட்டு மீன் குழம்பு

“அத்தை, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டு, டோனி இன்னொரு மீன் துண்டுக்குத் தட்டை நீட்டினான்.

ராஜாமணிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

“நான் ஏன்டா சொல்லப்போறேன்? நீ நல்லா பெசைஞ்சு சாப்பிடு.”

பக்கத்து வீட்டுப் பையன். பத்தாவது படிக்கிறான், பார்த்தால் ஆறாவது என்பார்கள். பள்ளிக்கூடச் சட்டை ஆணியில் மாட்டியதுபோல அவன் மேல் தொங்கும். வீட்டில் எதை வைத்தாலும் இது வேணாம், அது வேணாம். மீன் சட்டியைத் திறந்தால் போதும், “வாடை புடிக்கல” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். அவன் அம்மா ஜோதி மேரி இதையே சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைப்பாள்.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் தானாக வந்து, “இன்னிக்கு என்ன கொழம்பு அத்தை?” என்று கேட்டான். முதல் வாய் இறங்குவதற்குள் கண்ணெல்லாம் தண்ணீர்.

“என்னடா?”

“காரம் அத்தை. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

அன்றையிலிருந்து ராஜாமணி மீன் வாங்கினால் டோனிக்கும் சேர்த்துத்தான் வாங்குவாள்.

“பாத்தீங்களா? கைப்பக்குவம்னா இது” என்றாள் புருஷனிடம்.

கலியமூர்த்தி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உன் கொழம்பை நானே மருந்து குடிக்கிற மாதிரி முழுங்கிட்டிருக்கேன். அந்தப் பையனுக்கு நாக்குல ஏதோ கோளாறு.”

“பொறாமை உங்களுக்கு.”

ஜோதி மேரி மேல் ராஜாமணிக்கு ஒரு குறை உண்டு. பையனுக்கென்று மீன் வறுக்கிறாள், குழம்பு வைக்கிறாள். தான் மட்டும் ரசத்தை ஊற்றித் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்டால், “வயித்துக்கு ஒத்துக்கலக்கா” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்.

கடலூர் முதுநகரில் பிறந்து, கடல் காத்திலேயே வளர்ந்தவளுக்கு மீன் ஒத்துக்கொள்ளாதாம்! எல்லாம் மினுக்கு. பெத்தவளே ஒதுக்கினால் பிள்ளை எப்படித் தின்னும்?

புதன்கிழமை சாயங்காலம் ஜோதி மேரி, சிதம்பரத்து டாக்டரிடம் டோனியைக் காட்டிவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு நேராக ராஜாமணி வீட்டுக்கு வந்தாள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள், அன்றைக்கு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, மூணு கிலோ ஏறியிருக்கான்கா! டாக்டரம்மா நம்பாம ரெண்டு தடவை மெஷின்ல ஏத்திப் பாத்தாங்க.”

“அப்பிடியா! என்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. டப்பா சத்துமாவு எதுவும் வாங்கலையேன்னாங்க. இல்லம்மா, நீங்க சொன்ன மாதிரிதான், பருப்புல நெய்யி, சாயங்காலம் அவிச்ச வேர்க்கடலை, வாழப்பழம், பாலு. அதட்டாம கொஞ்சம் கொஞ்சமா குடுக்குறேன்னேன். ‘நல்லா பாத்துக்கிறீங்க, இப்பிடியே குடுங்க’ன்னு சொல்லிட்டாங்கக்கா.”

சொல்லிவிட்டு, ரொம்பப் பேசிவிட்டோமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராஜாமணியால் பொறுக்க முடியவில்லை.

“வேர்க்கடலையில மூணு கிலோவா? நல்ல கதையா இருக்கே. எல்லாம் என் மீன் கொழம்பு, மேரி!”

“உங்க கொழம்பா?”

அம்மாவுக்குப் பின்னாலிருந்து டோனி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். ராஜாமணி எங்கே நிறுத்துவாள்?

“மூணு மாசமா உன் புள்ள இங்கதான் மீனு திங்கிறான். சங்கரா, கெழங்கா, மத்தி, எதையும் விடுறதில்ல. முட்டைக் கொழம்புன்னா ரெண்டு முட்டை.”

ஜோதி மேரியின் முகம் சுருங்கிப்போனது.

“வீட்ல வாடைங்கிறியேடா” என்றாள் மகனிடம். “நான் வைக்கிறதுல அப்பிடி என்னடா குத்தம்?”



ராஜாமணிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜெயித்த சந்தோஷம் சும்மா இருக்க விடவில்லை.

“அழுவாத மேரி. பக்குவம் தெரியலன்னா வந்து கத்துக்க, நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்? டேய், நீயே சொல்லுடா. யாரு கொழம்பு ருசி?”

“கோச்சிக்க மாட்டீங்களே?”

“சும்மா சொல்லு. உங்கம்மா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டா.”

“எங்கம்மா கொழம்புதான் அத்தை.”

உள்ளேயிருந்து கலியமூர்த்தி சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

ராஜாமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “அப்ப எதுக்குடா மூணு மாசமா இங்க வந்து திங்கிற?”

டோனி அம்மாவை ஒருதரம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு ஒடம்பு தேறுற வரைக்கும் மீனு, முட்டை, கறி எதையும் தொட மாட்டேன்னு அம்மா மாதா கோயில் கெபில நேர்ந்துக்கிட்டாங்க. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நான் பின்னாடி நின்னு கேட்டேன். மீனு இல்லாட்டி அவுங்களுக்குச் சோறே எறங்காது அத்தை. அவுங்க ரசத்தை ஊத்திக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கப்ப, நான் எப்பிடி மீனை எடுத்து வாயில வைப்பேன்? ஆனா நான் தின்னு எடை ஏறுனாத்தானே, அவுங்க மறுபடியும் சாப்பிட முடியும்?”